பை ஊட்டுப் புகை

மேல்பாறை எஸ்டேட் லயன்,
தலைச்சோலை வழி, ஏற்காடு.
6.9.1992

அன்பும் மரியாதையும் உள்ள மருதாயி அண்ணிக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி வேலம்மாள் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தம்பி, அத்தை மூவரும் சேர்வராயன் தயவில் உயிரோடு இருக்கிறோம். அங்கே உங்கள் சுகம், அண்ணன் சுகம், உங்கள் மகள் பாவாயி சுகம் எழுதவும். அண்ணனுக்கு மூட்டுவலி தேவலையா?

சுகமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. போன புதன்கிழமை மூன்றாவதும் போய்விட்டது. இதுவும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. உங்கள் தம்பி ஜீப் பிடித்து ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்ததும் அத்தை அடுப்படியில் இருந்தபடியே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். "தை வரைக்கும் பாப்பேன். அப்பறம் என்ற பையனுக்கு வேற வழி பாக்கோணும்." அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கூரையில் என்னதான் எழுதியிருக்கிறதோ, கல்யாணமாகி ஆறு வருடமாக அதைத்தான் படிக்கிறார்.

அண்ணி, நீங்கள் ஆயா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா போன வருடம் என்னைச் சோதித்துவிட்டு, "உங்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா" என்று சொன்னார்களே. குறை இல்லாதவளுக்கு ஏன் தங்கமாட்டேன் என்கிறது? நீங்கள் தினமும் அவர்களைப் பார்க்கிறீர்கள். ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பாவாயிக்கு நாலு பேரிக்காய் தேயிலைக்கடை பையனிடம் கொடுத்தனுப்பினேன். காய்தான், அரிசிப் பானைக்குள் வைத்தால் பழுக்கும்.

இப்படிக்கு,
வேலம்மாள்

*

சேலம்
21.9.1992

அன்புள்ள தம்பி பெண்டாட்டி வேலம்மாளுக்கு மருதாயி ஆசீர்வாதம். இங்கு யாவரும் நலம். உங்கள் நலத்துக்குக் கோட்டை மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நான் சொல்லச் சொல்ல பாவாயி எழுதுகிறாள்.

கண்ணு, மனதை விடாதே. அம்மா வாய்தான் அப்படி, மனதில் ஒன்றும் கிடையாது. தம்பிக்கு ஒரு வாரிசு பார்த்துவிட்டுக் கண்மூட வேண்டும் என்ற ஆசை. பெத்தவளுக்கு இருக்காதா? நீ எதிர்த்துப் பேசாதே. பூண்டை நல்லெண்ணெயில் வதக்கித் தின்னு. கனமான மூட்டை தூக்காதே. எந்த வேலை செய்கிறாய், எப்படிச் செய்கிறாய் என்று விவரமாக எழுது. டாக்டரம்மா முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மருதாயி

அத்தைக்கு பாவாயி எழுதுவது: பேரிக்காய் பழுப்பதற்குள் தின்றுவிட்டேன். தையல் கிளாஸில் ஜாக்கெட் வெட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். உங்களுக்கு ஒன்று தைக்கிறேன், அளவு ஜாக்கெட் அனுப்புங்கள். அழாதீங்க அத்தை.

*

மேல்பாறை எஸ்டேட்
3.11.1992

மரியாதைக்குரிய அண்ணிக்கு வேலம்மாள் வணக்கம். இங்கு மழையும் மஞ்சும் போட்டி போடுகின்றன. நம் வீட்டில் யாவருக்கும் சளி. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே எல்லோரும் சுகம்தானே? தீபாவளிக்கு வருவீர்கள் என்று பார்த்தேன்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கே நர்சரியில் ஒரு சட்டம் உண்டு, சர்க்கார் சட்டத்தைவிடப் பெரியது. பிள்ளை பெற்ற பெண்கள்தான் நாற்று மேடையில் காப்பி விதை போடலாம். பிள்ளையில்லாதவள் கை பட்டால் முளைக்காதாம். அதனால் எங்களை எல்லாம் பை ஊடு என்று சொல்லும் அறையில் போட்டுவிடுவார்கள். நாற்று வைக்கும் கறுப்புப் பை அங்கேதான் தயாராகிறது. பிளாஸ்டிக் சுருள் லாரியில் வரும். புதுப் பிளாஸ்டிக் விலை அதிகம் என்று பழைய செருப்பு, பைப்பு, மருந்து டப்பா எல்லாம் உருக்கிச் செய்ததை வாங்குகிறார்கள். குழாய் மாதிரி இருக்கும் அதை வெட்டி, அடிப்பக்கத்தை ஆக்சா பிளேடில் வைத்து மெழுகுவத்தியில் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். பிறகு வாயை வைத்து ஊதிப் பையைப் பிரிக்க வேண்டும். காற்றில் வத்தி அணைகிறது என்று கதவும் ஜன்னலும் சாத்தித்தான் வைத்திருப்போம். சாயந்திரம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். சோறு தின்றாலும் அந்த ருசிதான்.

இப்போது நான் எழுதப்போவதைப் படித்துச் சிரிக்காதீர்கள். கல்யாணமாகி வந்த உடனேயே பை ஊட்டில் போட்டார்கள். அதுவரை நாள் தவறாமல் இருந்த எனக்கு அங்கே போன பிறகுதான் ஒரு மாதம் வராது, ஒரு மாதம் இருமுறை வரும். இந்த வருடம் லாரிக்காரனுக்கும் முதலாளிக்கும் தகராறாகிச் சுருள் வரவில்லை. சித்திரையில் இருந்து ஆனி வரை என்னைக் களையெடுக்க அனுப்பினார்கள். எல்லாம் ஒழுங்காயிற்று. ஆனியில் கரு நின்றது. ஆடியில் சுருள் வந்தது, நான் பை ஊட்டுக்குத் திரும்பினேன். ஆவணியில் போய்விட்டது. முந்தின இரண்டும் இப்படித்தான், காப்பிப் பழம் எடுக்கப் போன சமயத்தில் நின்று, பை ஊட்டுக்கு வந்ததும் போனது.

என் கூட இருக்கும் அத்தாயிக்கும் இதே கதை. அந்தப் புகைதான் காரணமா என்று டாக்டரம்மாவிடம் கேளுங்கள், அண்ணி. நான் கேட்பது இது ஒன்றுதான்.

இப்படிக்கு,
வேலம்மாள்

*

சேலம்
24.11.1992

அன்புள்ள வேலம்மாளுக்கு மருதாயி ஆசி. நலம், உங்கள் யாவர் நலமும் அறிந்தேன். பாவாயி கையால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்கிறார், பிள்ளையில்லாதவர்களைப் பொறுக்கி எடுத்து ஒரு அறையில் உட்கார வைத்துவிட்டு, அந்த அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் பிள்ளையில்லை என்றால் என்ன அர்த்தம்? ஆனாலும் நீ சொன்னதை டாக்டரம்மாவிடம் கேட்காமல் விடமாட்டேன். அவர்கள் மதுரைக்குப் போயிருக்கிறார்கள். மார்கழி கடைசியில்தான் வருவார்களாம். வந்ததும் கேட்டு உடனே எழுதுகிறேன். இது சத்தியம்.

மருதாயி

அத்தை, ஜாக்கெட் தைத்துவிட்டேன். கை கொஞ்சம் ஏறிவிட்டது. வெளியே போட முடியாவிட்டால் ஊட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பாவாயி.

*

மேல்பாறை எஸ்டேட்
18.1.1993

அன்புள்ள அண்ணிக்கு வேலம்மாள் பொங்கல் வணக்கம். இங்கு மூவரும் சுகம். அங்கு அனைவர் சுகத்துக்கும் எழுதவும். ஜாக்கெட் கிடைத்தது. கை தூக்கினால் தையல் பேசுகிறது, ஆனாலும் பொங்கலன்று அதைத்தான் போட்டேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள், பதில் கிடைத்துவிட்டது. பொன்னாயிக்கு இரண்டு பிள்ளைகள். விதை போடும் கை. ஆள் குறைவு என்று போன வருடம் எஸ்டேட்டில் பேர் பதியும் ரைட்டர் சுப்பிரமணி அவளைப் பை ஊட்டில் போட்டார். இப்போது அவளுக்கும் இரண்டு மாதக் கரு கலைந்துவிட்டது. நான் ரைட்டரிடம் போய், "ஏனுங்க, பொன்னாயிக்கு என்ன குறைங்க? அந்தப் பொகை ஆவலீங்க, ஜன்னலையாச்சும் தொறந்து உடுங்க" என்றேன். அவர் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அத்தை என்ன சொன்னார்கள் தெரியுமா? "இவ தோசம் பொன்னாயிக்கும் ஒட்டிக்கிச்சு." பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மறுநாள் பை ஊட்டு வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஜன்னலைத் திறக்கவில்லை.

தை பிறந்துவிட்டது. அத்தை என் முகத்தையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். எனக்கு அழுகை வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது. டாக்டரம்மா ஊரில் இருந்து வந்துவிட்டார்களா? என்ன சொன்னார்கள்? "ஆமாம், புகைதான்" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்கள் தம்பியிடம் காட்டி அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுவேன். அவர் கூரையில் இருந்து கண்ணை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இப்படிக்கு,
வேலம்மாள்

*

சேலம்
9.2.1993

வேலம்மாளுக்கு மருதாயி எழுதுவது. நலம். அங்கே நலமா?

ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம். டாக்டரம்மாவிடம் நின்று பேச நேரமே கிடைப்பதில்லை. எல்லாம் தெய்வச் செயல், நம் கையில் என்ன இருக்கிறது. தம்பி பிறந்த கிழமையும் நேரமும் அம்மாவுக்குத் தெரியும், கேட்டு எழுது. இங்கே நல்ல சோசியர் ஒருவர் இருக்கிறார். பரிகாரம் ஏதாவது இருந்தால் கேட்கலாம்.

மருதாயி

*

மேல்பாறை எஸ்டேட்
21.3.1993

அண்ணிக்கு வேலம்மாள் வணக்கம். அனைவரும் நலம்தானே? கடிதம் முழுக்க உங்கள் கையெழுத்தாக இருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். பாவாயிக்கு உடம்புக்கு என்ன? ஏன் அவள் எழுதவில்லை?

நீங்கள் கேட்டது: அவர் பிறந்தது ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை, விடிந்து வெயில் ஏறும் நேரம். அத்தை உடனே சொல்லிவிட்டார்கள். நான் எது கேட்டாலும் காது கேட்காதவர்களுக்கு இது மட்டும் எப்படிக் கேட்டதோ.

பரிகாரம் கிடக்கட்டும். டாக்டரம்மாவிடம் கேட்க ஒரு நிமிடம் போதாதா? ஊசி போடும் நேரத்தில் கேட்கலாம், கை கழுவும் நேரத்தில் கேட்கலாம். "அந்தப் புகை ஆகுமா, ஆகாதா?" இவ்வளவுதான் கேள்வி. நானே வந்து கேட்கலாம் என்றால் அத்தை பஸ்ஸுக்குக் காசு தரமாட்டார்கள், உங்கள் தம்பி லீவு சொல்லமாட்டார். ரைட்டரிடம் மறுபடியும் வேறு வேலை கேட்டேன். "வெதை போடற கையா உன்ற கை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "களை புடுங்கறதுக்குக் கூடவா ராசி பாப்பீங்க?" என்றேன். வாய் நீளம் என்று அரை நாள் கூலி போயிற்று.

போன வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. குளிர் என்று சொல்லிப் படுத்துவிட்டேன். அது கிடக்கட்டும். பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வேலம்மாள்

*

மேல்பாறை எஸ்டேட்
26.4.1993

அண்ணிக்கு வேலம்மாள் வணக்கம். சுகம். சுகத்துக்கு எழுதவும்.

என் கடிதம் வந்ததா? அத்தையும் உங்கள் தம்பியும் சேலம் வந்து உங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டேன். அத்தை, "என்ற தங்கச்சி பேரனுக்குக் காது குத்து" என்றார்கள். அவர் "ம்" என்றார். காது குத்துக்குப் போனவர்கள் மல்லிகைப்பூவும் புதுப் பாயும் வாங்கி வருவார்களா? உங்கள் வீட்டில் நீங்களாவது என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டாக்டரம்மா சொன்னதைச் சொல்லியனுப்பினீர்களா என்று கேட்டேன். அவர் செருப்பைத் தேடினார். காலில்தான் இருந்தது.

அடுத்த மாதம் சேர்வராயன் திருவிழா. பாவாயியை அனுப்பி வையுங்கள். என் கூடப் படுத்துக்கொள்ளட்டும். குகைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், வளையல் வாங்கித் தருகிறேன். அவளிடம் பேசினாலாவது எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கும்.

இப்படிக்கு,
வேலம்மாள்

*

சேலம்
20.5.1993

வேலம்மாளுக்கு மருதாயி எழுதுவது. நலம்.

நீயாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். வைகாசி இருபதாம் தேதி பாவாயியைத் தம்பிக்குக் கட்டிக்கொடுக்கிறோம். அக்கா மகள் முறைதானே, வெளியில் இருந்து எவளோ வந்து உன்னை அடித்து விரட்டுவதைவிட இது மேல் என்று அம்மா சொன்னார்கள். எனக்கும் சரியென்று பட்டது. உன்னை யாரும் போகச் சொல்லவில்லை. அவளுக்கு நீ மூத்தவளாக இருந்து பார்த்துக்கொள். பெற்றவள் வயிறு உனக்குத் தெரியாது, எழுதினாலும் புரியாது.

மருதாயி

*

மேல்பாறை எஸ்டேட்
24.6.1993

அண்ணிக்கு வேலம்மாள் எழுதுவது. பாவாயி சுகம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், உறையைக் கிழித்ததும் நீங்கள் அதைத்தான் தேடுவீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, என் கம்பளியைக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று நான் எழுத நினைத்ததை எழுதியிருந்தால் தபால்காரன் கை வெந்திருக்கும். தபால் தலை வாங்காமல் இருந்தது உங்கள் நல்ல நேரம். அவள் வந்து இறங்கியதும் என்னைப் பார்த்து "அத்தை" என்று ஓடிவந்தாள். உங்கள் அம்மா, "இனிமே அக்கான்னு கூப்புடு" என்று அதட்டினார்கள். இன்றுவரை அந்தப் பெண் என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை, பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

போன திங்கட்கிழமை அவளுக்குப் பேர் பதிந்தார்கள். ரைட்டர் வழக்கம் போல, "கொழந்தை இல்லாத புள்ள, பை ஊட்டுக்குப் போ" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றார்கள். கைத்தடியைத் தட்டிச் சொன்னார்கள்: "ஏனுங்க ரைட்டரே, என்ற பேத்தி அந்தப் பொகைக்குள்ள ஒக்காரக் கூடாதுங்க. கர்ப்பப்பைக்கு ஆவாதுங்க. நொம்பக் கெடுதிங்க." பிள்ளை பெறாதவள் மேடைப்பக்கம் போக வேண்டாம், களையெடுக்கப் போகட்டும் என்றார்கள். ரைட்டர் உடனே களைக்கொத்து கொடுத்து அனுப்பிவிட்டார். ஆறு மாதமாக நான் மூச்சு முட்டக் கேட்டது, ஒரு நொடியில் முடிந்தது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.

அன்று சாயந்திரம் தண்ணீர்க் குழாயடியில் பாவாயியிடம் கேட்டேன். "பாட்டிக்கு யாரு கண்ணு சொன்னது?" அவளுக்குச் சூது தெரியாது. "அம்மாதான். டாக்டரம்மா தை மாசமே சொல்லிட்டாங்களே" என்றாள். அவர்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். பிளாஸ்டிக் வளைவதற்கு எண்ணெய் மாதிரி ஏதோ கலப்பார்களாம். சூடு பட்டால் அது புகையோடு வெளியே வருமாம். உடம்பில் தானாகச் சுரக்கும் ஹார்மோன் மாதிரியே வேஷம் போட்டு உள்ளே புகுந்து, மாதக் கணக்கையும் கருவையும் குழப்பிவிடக் கூடுமாம். வெளிநாட்டில் இப்போதுதான் ஆராய்கிறார்களாம், அடித்துச் சொல்ல முடியாதாம். "ஆனா அந்தப் பொண்ணை மொதல்ல அந்த ரூமை விட்டு வெளிய கொண்டாங்க. ஒரு வருசம் பாருங்க" என்றார்களாம். உங்களுக்குச் சொல்லி, எனக்கு எழுதவும் சொன்னார்களாம். பாவாயி எழுத உட்கார்ந்தாளாம். நீங்கள் பேனாவைப் பிடுங்கிவிட்டீர்களாம்.

புகைதான் காரணம் என்றால் நான் மலடியில்லை. நான் மலடியில்லை என்றால் உங்கள் மகளுக்கு இந்த வீட்டில் இடமில்லை. கணக்கு இவ்வளவுதானே, அண்ணி? பத்தாவது தவறிய பெண்ணுக்கு வரதட்சணை கேட்காத மாப்பிள்ளை. எனக்குப் புரிகிறது. புரிந்ததால் ஆறவில்லை.

பங்குனியில் குளிர் என்று படுத்தேன் என எழுதினேன் அல்லவா, அது குளிர் இல்லை. அதுவும் போனது. நாள் தள்ளியிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இந்த முறை தங்கிய பிறகு சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டு பை ஊட்டில் ஊதிக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா வெளியே வரச் சொல்லி அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது உங்கள் தம்பி பிள்ளை, உங்களை அத்தை என்று கூப்பிட வேண்டியது. பெற்றவள் வயிறு எனக்குத் தெரியாது என்று எழுதினீர்களே. அதற்கு நான் என்ன எழுதுவது?

இன்று காலை உங்கள் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம் போல மேலே பார்த்தார். அவரை அங்கேயே விட்டுவிட்டேன். பை ஊட்டுக்குப் போய்ப் பொன்னாயியிடமும் அத்தாயியிடமும் சொன்னேன். மூன்று பேரும் வத்தியை ஊதி அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டோம். ரைட்டர் பேரை அடித்துவிடுவேன் என்றார். அடிக்கட்டும்.

வருகிற திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் நாங்கள் மூவரும் ஏறுகிறோம். காசுக்கு என் கம்மலை அடகு வைத்தாயிற்று. ஆஸ்பத்திரியில் பேர் எழுதிச் சீட்டுக் கொடுப்பது நீங்கள்தானே. முதல் மூன்று சீட்டையும் எங்களுக்கு எடுத்து வையுங்கள். உங்கள் மகளுக்காக நீங்கள் ஞாபகம் வைத்திருந்ததை டாக்டரம்மா தன் வாயால் எங்களுக்கும் சொல்லட்டும். சொல்லி முடிக்கும்வரை நீங்களும் உள்ளே நிற்க வேண்டும். வேலை இருக்கிறது என்று வெளியே போகக் கூடாது.

எனக்கு இருபத்தெட்டு வயதுதான் ஆகிறது, அண்ணி.

அண்ணன் சுகத்தைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் தம்பி பெண்டாட்டிதான்,
வேலம்மாள்